டேங்கை ஒரு முறைதான் திறக்க வேண்டும்: ஃப்யூயல் பம்ப் மாற்றுமுன் யோசிக்க வேண்டியவை

சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுத்துக் கேளுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய முனகல் வரும். இரண்டு விநாடி ஓடிவிட்டு நிற்கும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சத்தம் உண்டு. சிலவற்றில் டிரைவர் கதவைத் திறக்கும்போதே கேட்கும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஃப்யூயல் பம்ப், இன்ஜினுக்குப் போகும் குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைக்கிற சத்தம் அது. பல வருடம் வண்டி ஓட்டியும் நான் அதைக் கவனித்ததே இல்லை. ஒரு நாள் அது கேட்காமல் போனபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே உறைத்தது.

நல்ல வெயில் நேரம். ஓடிக்கொண்டிருந்த வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் நிழலில் விட்டதும் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. இரண்டு முறை இப்படி ஆனதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினார்கள். பத்து நாள் கழித்து, அதே மாதிரி வெயிலில், அதே மாதிரி நின்றது. வேறொரு மெக்கானிக் பொறுமையாக மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் 9 வோல்ட்தான் வந்தது. சீட்டுக்கு அடியில் பாடியோடு சேர்த்து முடுக்கியிருந்த எர்த் ஒயரின் முனை துருப்பிடித்திருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப முடுக்கியதோடு பிரச்சினை தீர்ந்தது. கழற்றிப் போட்ட பழைய பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் செலவு எனக்கு நிஜமாகவே வலித்தது. அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் பிரித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், முக்கியமாகப் படுவது ஒன்றுதான். ஃப்யூயல் பம்ப் வேலையின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது, டேங்கை எத்தனை முறை திறக்கிறோம் என்பது. கெட்டது பம்ப்தான் என்று உறுதி செய்யாமல் திறந்தால் அந்தத் திறப்பு வீண். மட்டமான பம்ப்பைப் போட்டால் சில மாதத்தில் இன்னொரு திறப்பு. பழைய சீலையே போட்டு மூடினால் பெட்ரோல் வாடை தாங்காமல் மறுபடியும் ஒன்று. கடைக்காரர் சொல்லும் பம்ப் விலையில் இந்தக் கணக்கு எதுவும் இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

கார்புரேட்டர் காலத்தில் இது சின்ன விஷயமாக இருந்தது. இருசக்கர வண்டிகளில் பெட்ரோல் தானாகவே கீழே வழிந்து வந்தது. கார்களில் இன்ஜினின் கேம் ஷாஃப்ட் தட்டித் தட்டி இயக்கும் ஒரு டயஃப்ரம் பம்ப் இருந்தது. அது தந்த அழுத்தம் அரை பாரைக்கூடத் தாண்டாது (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). கெட்டால் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தபோது, மின்சாரத்தில் ஓடும் பம்ப்பும் கூடவே வந்தது. பெட்ரோலைப் பனிபோலப் பீய்ச்ச வேண்டுமானால் குழாயில் நிலையான அழுத்தம் வேண்டும். இன்றைய சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது பொதுவாக 3 முதல் 4 பார் வரை. 3 பார் என்றால் ஏறக்குறைய 43 பிஎஸ்ஐ. ஒரு கார் டயரில் இருக்கும் காற்றை விடச் சற்று அதிகம்.

இந்த அழுத்தத்தைத் தருவது கட்டைவிரலை விடப் பருமனான ஒரு உருளை. அதற்குள் ஒரு டிசி மோட்டார், அதன் அடியில் ஓரங்களில் பல் வெட்டிய ஒரு தட்டு. தட்டு சுழன்று பெட்ரோலை உள்ளே இழுத்து, மோட்டாரின் நடுவாகவே மேலே தள்ளுகிறது. அதாவது பெட்ரோலே மோட்டாருக்குக் குளிர்ச்சி, பெட்ரோலே அதற்கு எண்ணெய். பெட்ரோலுக்குள் தீப்பொறி தெறிக்கும் மோட்டார் ஓடுகிறதே, பற்றிக்கொள்ளாதா என்று பலர் கேட்பார்கள். எரிவதற்குக் காற்று வேண்டும். பம்ப்புக்குள் பெட்ரோல் மட்டுமே இருக்கிறது. டேங்கின் மேல்பகுதியிலும் ஆவி அடர்த்தியாக இருப்பதால் சாதாரணமாகப் பற்றுவதற்கான அளவு காற்று அங்கே இருக்காது.

பம்ப் எப்படிச் சாகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து போவது இயற்கை மரணம். மற்றதெல்லாம் நாம் கொடுப்பது. டேங்கை எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால், திருப்பத்திலும் மேட்டிலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்துச் சூடாகும். இதைத் தடுக்க நிறைய வண்டிகளில் பம்ப்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் வைத்திருக்கிறார்கள்; அதனால் ஒரு நாள் ரிசர்வில் ஓட்டினால் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். வழக்கமே அதுவாகிவிட்டால்தான் ஆபத்து. அடுத்தது அழுக்கு. டேங்கின் துருவும் மண்டியும் அடியில் உள்ள வலையை அடைத்தால், பம்ப் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போலத் திணறும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும். இதற்காகவே இப்போது வரும் நல்ல பம்ப்களில் செம்பு கம்யூட்டேட்டருக்கு (பிரஷ் உரசும் வளையம்) பதிலாகக் கார்பன் கம்யூட்டேட்டர் போடுகிறார்கள். அதிக எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறவர்கள் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை) பம்ப் இரண்டு. டேங்கில் இருப்பது நாம் பேசிக்கொண்டிருப்பது. இன்ஜினில் இருப்பது கேம் ஷாஃப்ட் இயக்கும் உயரழுத்த பம்ப், 200 பார், அதற்கும் மேல் போகும். காமன் ரெயில் டீசலில் இது 2,000 பார் அளவுக்குப் போகும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிவும் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அவற்றை வீட்டில் தொடவே கூடாது. "ஃப்யூயல் பம்ப் மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் முதல் கேள்வியே "எந்தப் பம்ப்?" என்பதாக இருக்கட்டும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கெட்டது பம்ப்தானா?

இந்தக் கேள்விக்குச் செலவழிக்கும் நேரம்தான் மொத்த வேலையிலும் அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுப்பது.

பம்ப் பலவீனமானால் முதலில் தெரிவது பிக்கப் குறைவது. சமதரையில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போதோ வேகமாக முந்தும்போதோ வண்டி மூச்சு வாங்கும். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 குதிரைத்திறன் உள்ள ஒரு பெட்ரோல் இன்ஜின் முழு பலத்தில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் என்ற வேகத்தில் பெட்ரோல் குடிக்கும். ஐடிலில் நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான். ஆக, பாதி செத்த பம்ப்கூட ஐடிலை அழகாகச் சமாளித்துவிடும். ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வைத்து "நல்லாத்தானே ஓடுது" என்று திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். அழுத்தத்தை ஐடிலில் மட்டும் பார்த்தால் போதாது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும், முடிந்தால் ஓட்டிக்கொண்டும் பார்க்க வேண்டும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் செல்ஃப் நீளமாக இழுக்கிறதா? சாவியை ஆன் செய்து, முனகல் நின்றதும் ஆஃப் செய்து, மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்ப்பின் தலையில் உள்ள ஒருவழி வால்வு கசியலாம். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரோகூடக் கசியலாம். இன்ஜெக்டர் கசிவு என்றால் பெட்ரோல் இன்ஜினுக்குள் சொட்டும், அதை விட்டு வைக்கக் கூடாது. பம்ப்பின் வால்வு மட்டும்தான் என்று தெரிந்தால் அவசரம் இல்லை. பணம் சேரும் வரை சாவியை மூன்று முறை திருப்பியே காலத்தை ஓட்டலாம். எது இன்றே செய்ய வேண்டியது, எது மூன்று மாதம் காத்திருக்கும் என்று பிரித்துச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுவது பம்ப்பின் குணம்தான். ஆனால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் குணமும் அதே. இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: வண்டி நின்றுபோன அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சமாவது ஆடினால் சென்சார் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால், நிறைய வண்டிகளில் அது சென்சார் பக்கம் கை காட்டும். சென்சார் போனால் ஸ்பார்க்கும் வராது. பம்ப் போனால் ஸ்பார்க் வரும், பெட்ரோல் வராது. மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது.

முனகல் சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். அப்புறம் பம்ப்புக்கு மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் ரிலே. ஃப்யூஸ் பெட்டியிலேயே ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே நம்பர் போட்ட ரிலே பெரும்பாலும் இருக்கும். அதைக் கழற்றி பம்ப் இடத்தில் மாட்டிப் பார்த்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும். சில வண்டிகளில் மோதல் நடந்தால் பெட்ரோலை நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. வண்டி பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அந்தச் சுவிட்ச் ஆஃப் ஆகிவிடலாம், மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் போதும். இவை எல்லாம் சரி என்றால், செல்ஃப் அடித்துக்கொண்டே இன்னொருவரை டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் ஸ்டார்ட் ஆனால் பிரஷ் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பம்ப் முடிந்தது, வீடு வந்து சேரத்தான் அது உதவும்.

அப்புறம் என் வண்டியில் முதல் முறை யாரும் செய்யாத சோதனை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் வோல்ட் அளப்பது. பேட்டரியில் இருப்பதை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஓடாதபோது அளந்தால் பயனில்லை. துருப்பிடித்த ஒயரிலும் 12 வோல்ட் காட்டும். கனெக்டரின் பின்கள் பழுப்பேறியோ பிளாஸ்டிக் இளகியோ இருந்தாலும் அதே கதைதான். அந்தக் கனெக்டரை மாற்றாமல் புது பம்ப் போட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும்.

கடைசியாக பிரஷர் கேஜ். வண்டிக்கான சர்வீஸ் கையேட்டில் எத்தனை பார் என்று இருக்கும். கேஜில் அழுத்தம் குறைவு, வோல்ட் சரி, ஃபில்டர் அடைக்கவில்லை, ரெகுலேட்டர் சரி என்றால்தான் பம்ப் மேல் குற்றம் சாட்டலாம். டயக்னாஸிஸுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் நம்மில் பலருக்கு முகம் சுருங்கும். "பார்க்கிறதுக்கே காசா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் காசைச் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். பார்ப்பதற்கு மரியாதை இல்லாத இடத்தில் மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே வருமானம் மாற்றுவதில்தான் இருக்கும்; அப்போது எதையாவது மாற்றத்தான் செய்வார்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 2020-இல் டென்சோ நிறுவனம் தயாரித்த டேங்க் பம்ப்களில் ஒரு குறை வெளியே வந்தது. உள்ளே சுழலும் பிளாஸ்டிக் தட்டின் அடர்த்தி குறைவாக இருந்ததால், அது பெட்ரோலை உறிஞ்சி, உப்பி, பம்ப்பின் சுவரில் உரசி நின்றுபோனது. டொயோட்டா, ஹோண்டா உட்படப் பல கம்பெனிகள் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தன. அழைப்பு அடுத்த சில ஆண்டுகளுக்கும் தொடர்ந்தது. இப்படி அழைத்த வண்டிகளுக்குப் பம்ப்பும் லேபரும் இலவசம். வாரண்டி முடிந்திருந்தாலும், நீங்கள் இரண்டாவது உரிமையாளராக இருந்தாலும் பொதுவாகச் செய்து தருவார்கள். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்களுக்குத் திரும்ப அழைக்கும் கடிதம் வராமலே போயிருக்கலாம், முகவரி முதல் உரிமையாளருடையதாக இருக்கலாம். அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எதை வாங்குவது

சரி, பம்ப்தான் கெட்டது. கடையில் நான்கு வகை கிடைக்கும். வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பெனிக்கே பம்ப் செய்து கொடுக்கும் பாஷ், டென்சோ, பியர்பர்க், டிஐ போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் வருவது இன்னொன்று. பெயர் தெரியாத மாற்றுத் தயாரிப்புகள் மூன்றாவது. உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது நான்காவது. இவற்றுக்கு நடுவே, முதல் இரண்டின் பெட்டியைப் போலவே அச்சடித்து வரும் டூப்ளிகேட்டும் உலவுகிறது.

என் அனுபவத்தில் மதிப்புக்குச் சிறந்தது இரண்டாவது வகை. பல சமயம் கம்பெனிப் பெட்டிக்குள் இருப்பதும் அதே பம்ப்தான். பெட்டிக்கும் பெயருக்கும்தான் கூடுதல் விலை. உங்கள் பழைய பம்ப்பைக் கழற்றியதும் அதன் உடம்பில் பொறித்திருக்கும் பெயரையும் நம்பரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் செய்தது என்று அதுவே சொல்லிவிடும்.

மலிவான மாற்றுத் தயாரிப்பை எப்போது வாங்கலாம், எப்போது கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் டேங்கைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதுதான். சில வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி. ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். சில வண்டிகளில் சைலன்சர் குழாயை அவிழ்த்து, டேங்கையே கீழே இறக்க வேண்டும். பாதி நாள் லேபர். முதல் வகையில் மலிவான பம்ப் சீக்கிரம் போனாலும் நஷ்டம் தாங்கக்கூடியது. இரண்டாவது வகையில் லேபரே பம்ப் விலையை மிஞ்சும், அங்கே பம்ப்பில் மிச்சம் பிடிப்பது கையைச் சுட்டுவிடும். பம்ப்புக்கு ஒரு வருட வாரண்டி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கெட்டுப்போனால் இன்னொரு பம்ப் தருவார்கள், அவ்வளவுதான். டேங்கை மறுபடி இறக்கி ஏற்றுவதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்ப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தேய்ந்து போகும் பொருளைத் தேய்ந்த நிலையில் வாங்குவதில் அர்த்தமில்லை. புதுசே கிடைக்காத பழைய மாடல் என்றால் மட்டும் வேறு வழியில்லை.

அடுத்த கேள்வி, பம்ப் மட்டும் மாற்றுவதா, முழு செட்டையும் மாற்றுவதா? டேங்குக்குள் பம்ப் தனியாக இருப்பதில்லை. வலை, ஃபில்டர், ரெகுலேட்டர், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை எல்லாம் சேர்ந்த ஒரு செட்டாக, மேலே மூடியோடு இருக்கும். உள்ளே இருக்கும் மோட்டார் உருளை மட்டும் தனியாகக் கிடைத்தால் விலை செட்டில் சிறு பகுதிதான். வண்டிக்கு வயது அதிகம் ஆகவில்லை, மிதவை சரியாகக் காட்டுகிறது, பிளாஸ்டிக் உறுதியாக இருக்கிறது என்றால் உருளை மட்டும் மாற்றுவது நல்ல தேர்வு. ஆனால் கூடவே வலையும் புதுசு போட வேண்டும், பம்ப்பிலிருந்து மூடிக்குப் போகும் சிறு ஹோஸையும் கவனிக்க வேண்டும். இந்த ஹோஸ் விஷயத்தில் அனுபவசாலிகளே தவறு செய்து பார்த்திருக்கிறேன். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் அது வெளியிலும் நனைந்து கிடப்பதால் ஊறி, மெத்தென்று ஆகி, ஒரு நாள் வெடிக்கும். பம்ப் ஓடும், பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சும், வண்டி நகராது. மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த ஹோஸ் உண்டு. அதன் மேல் 30ஆர்10 என்று அச்சடித்திருக்கும். சிறு துண்டுதான் தேவை, விலையைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள்.

முழு செட் வாங்குகிறவர்கள் மிதவையைக் கவனிக்க வேண்டும். டேங்கின் அளவை அது மின்தடையாக மாற்றி டேஷ்போர்டுக்குச் சொல்கிறது. அந்த மின்தடையின் ஓம் கணக்கு உங்கள் மீட்டருக்குப் பொருந்தாவிட்டால் காலி டேங்கில் பாதி என்று காட்டும். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் இது மாறுவதுண்டு. அதனால் "இந்தக் காருக்குப் பொருந்தும்" என்ற வார்த்தையை நம்பாமல் பார்ட் நம்பரையும் 17 எழுத்து எண்ணையும் வைத்தே வாங்க வேண்டும். பழைய நம்பர் நின்று புது நம்பர் வந்திருந்தால், எது எதற்குப் பதில் என்ற பட்டியல் கம்பெனி கவுண்டரில் இருக்கும்.

அழுத்தமும் ஓட்டமும் அதிகமாக உள்ள பம்ப் போட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இழுக்காது. இன்ஜெக்டர் எவ்வளவு திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது குறிப்பிட்ட அழுத்தத்தை வைத்துத்தான். தேவைக்கு மேல் தள்ளும் பெட்ரோல் சுற்றிச் சுற்றி டேங்குக்கே திரும்பி அதைச் சூடாக்கும், ஒயரும் ரிலேவும் அதிக மின்சாரம் தாங்க வேண்டிவரும். புதிய வண்டிகள் சிலவற்றில் பிரஷ் இல்லாத பம்ப், தனிக் கண்ட்ரோலரோடு வருகிறது. அந்த இடத்தில் பழைய வகை பம்ப்பை மாட்டவே முடியாது.

இன்ஜெக்‌ஷன் பைக் வைத்திருப்பவர்களுக்கும் இது எல்லாமே பொருந்தும். அழுத்தமும் பெரும்பாலும் 3 பாரை ஒட்டியே. பம்ப் டேங்கின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் என்பதால் திறப்பது எளிது, கசிவுக்கான வாய்ப்பு அதிகம்.

பில்

வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள்: பார்ட் எவ்வளவு, லேபர் எவ்வளவு, சீல், கிளாம்ப் போன்ற சில்லறை எவ்வளவு என்று தனித்தனியாக. லேபருக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். தவறாக நினைக்க மாட்டார்கள். "வேறு எது செய்தாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லி வையுங்கள். பழைய பம்ப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கேஜில் காட்டிய அழுத்தத்தைப் பில்லில் எழுதித் தரச் சொன்னால், கேஜை மாட்டாமல் யாரும் வேலை செய்ய முடியாது.

பம்ப்பை நீங்களே ஆன்லைனில் மலிவாக வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் லாபம்போலத் தெரியும். கெட்டால் கடைக்காரர் மெக்கானிக்கைக் கைகாட்டுவார், மெக்கானிக் பம்ப்பைக் கைகாட்டுவார். பம்ப்பையும் வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்து, இரண்டுக்கும் சேர்த்து வாரண்டி எழுதி வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது, கொஞ்சம் கூடுதலாக ஆனாலும்.

டேங்க் திறந்திருக்கும்போதே செய்துவிட வேண்டியவற்றைச் செய்துவிடுங்கள். வலை, ஃபில்டர், மூடியின் ரப்பர் வளையம் புதுசு. டேங்கின் அடியில் டார்ச்சை அடித்து, மண்டி இருந்தால் சுத்தம் செய்வது. அழுக்கு டேங்கில் போட்ட புது பம்ப்புக்கு ஆயுள் குறைவு, இதனால் வாரண்டி மறுக்கப்படுவதும் உண்டு. ஆனால் "எப்படியும் பிரிச்சாச்சு, இன்ஜெக்டர், பிளக், கிளட்ச் எல்லாம் பண்ணிடலாமா?" என்று வந்தால், டேங்கோடு சம்பந்தப்படாத எதையும் அந்த நேரத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் லேபர் மிச்சமாவது எதுவும் இல்லை, வேறொரு நாள் யோசித்துச் செய்யலாம்.

பழைய வண்டிக்கு இந்தச் செலவு தகுமா என்ற கேள்வி சிலருக்கு வரும். போன வருடம் எவ்வளவு கொட்டினோம் என்பதை இதில் சேர்க்கக் கூடாது. அந்தப் பணம் போனது போனதுதான். பம்ப் போட்டால் இந்த வண்டி இன்னும் எத்தனை மாதம் ஓடும், அதே மாதங்களுக்கு வேறு வண்டி வைத்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று மட்டும் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் வண்டிக்குப் பம்ப் போடுவது பெரும்பாலும் நியாயமான செலவு. டேங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் கணக்கு மாறலாம். மாதாமாதம் சிறு தொகையை வண்டிக்கென்று ஒதுக்குவதும், மாற்றிய ஒவ்வொன்றையும் தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பரோடு ஒரு நோட்டில் எழுதுவதும் எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. அந்த நோட்டு இருந்திருந்தால் ஃபில்டர் எப்போது மாற்றினேன் என்ற கேள்விக்கு அன்றைக்கு விழித்திருக்க மாட்டேன்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, திறந்த வெளியில் செய்யுங்கள். பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, வண்டி தானாக ஆஃப் ஆகும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். வண்டி ஸ்டார்ட்டே ஆகாவிட்டால் செல்ஃபைச் சில விநாடி அடித்துவிட்டு, குழாயைக் கழற்றும் இடத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாக அவிழுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பழைய பல்பு விளக்கு வேண்டாம். பெட்ரோல் தீயை அணைக்கும் கருவி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து அழுத்தம் ஏற்றி, கசிவு பார்த்து, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராத குறை அப்போது தெரியாது, பெட்ரோல் மட்டம் கீழே இருப்பதால். முதல் முறை டேங்கை நிரப்பியதும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பின் சீட்டைத் தூக்கி, மூடியைச் சுற்றி விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள், பில்லோடு.